முட்டையில் தெரிந்த நூலும் ஈரலில் தெரியாத ஒட்டுண்ணியும்: சிங்கப்பூர் உணவு அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பத்தியச் சமையல் செய்பவள். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் காலையில் போய், தாய்க்கு மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவேன். 22 வருஷமாக இதுதான் என் தொழில். ஈசூன், செங்காங், பொங்கோல், உட்லண்ட்ஸ் என்று நான் போகாத பேட்டை இல்லை. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, மிளகு ரசம், நாட்டுக்கோழிச் சாறு என்று நாள் ஓடும். கோழி இல்லாத வாரம் கிடையாது. அதனால் கோழியைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. செங்காங்கில் இருக்கும் ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்ததும் அவளுக்குச் சமைக்க என்னை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். "அக்கா, முட்டைக்குள்ள புழு இருக்கு" என்று அழாத குறையாகச் சொன்னாள். காணொளி அனுப்பச் சொன்னேன். கிண்ணத்தில் உடைத்து ஊற்றிய முட்டை, மஞ்சள் கருவின் ஓரத்தில் முறுக்கிவிட்ட வெள்ளை நூல் மாதிரி ஒன்று. அது புழு இல்லை. ஓட்டுக்குள் மஞ்சள் கரு ஆடாமல் நடுவில் நிற்பதற்காக இயற்கை கட்டிவைத்த கயிறு. எந்த முட்டையை உடைத்தாலும் இரண்டு பக்கமும் இருக்கும். முட்டை புதிதாக இருந்தால் இன்னும் தடித்துத் தெரியும்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் காணொளி மாமியாரின் குடும்பக் குழுவுக்குப் போய், அங்கிருந்து வேறு குழுவுக்கும் போய்விட்டது. யாரோ ஒருவர், "பண்ணை முட்டையில் புழு, யாரும் வாங்காதீங்க" என்று குரல் பதிவும் போட்டுவிட்டார். அவர்கள் வீட்டில் ஒரு தட்டு முட்டை, 30 முட்டை, அப்படியே குப்பைக்குப் போனது.

சரி, நேரில் போய்ச் சமாதானம் சொல்லலாம் என்று அன்று மதியம் போனேன். சமையலறையில் அந்தப் பெண்ணின் மாமியார் நாட்டுக்கோழி ஈரலை வாணலியில் புரட்டிக்கொண்டிருந்தார். வெளிப்பக்கம் பழுப்பாகிவிட்டது. அடுப்பை அணைத்து, ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதி மருமகளின் வாயில் வைத்தார். "ஈரலை முறுக விடக்கூடாது, பஞ்சு மாதிரி இருக்கும்போதே தின்னணும். அப்பதான் ரத்தம் ஊறும்." அவள் கடித்த துண்டின் நடுப்பக்கத்தை நான் பார்த்தேன். செக்கச் சிவப்பு. கத்தியில் வெட்டிய பச்சை ஈரலின் நிறம் அது.

காலையில் ஒன்றும் செய்யாத நூலுக்காக ஒரு தட்டு முட்டை குப்பைக்குப் போன வீடு. அதே வீட்டில், அதே நாள், வேகாத ஈரல் கர்ப்பிணியின் வாய்க்குள் போனபோது யாருக்கும் பயம் வரவில்லை. வேகாத கோழியில் டாக்சோபிளாஸ்மா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி இருந்தால், அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். கையைப் பிடித்துத் தடுத்தேன். மாமியாருக்கு என்மேல் வருத்தம்தான். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்பாகத்தான் ஊட்டினார். எது பயப்பட வேண்டியது, எது வேண்டாதது என்று அவருக்கு அவர் மொழியில் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. அதைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோழிக்குள் புழு என்பது எனக்குப் புதிதல்ல. நான் வளர்ந்தது செம்பவாங் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. வீட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கோழிகள் திரியும். தீபாவளிக்கோ வேண்டுதலுக்கோ ஒன்றை அறுத்தால், அம்மா குடலைத் தனியாக எடுத்து, ஓரம் தீட்டிய மூங்கில் சிம்பால் நீளவாக்கில் கிழிப்பார். உள்ளே வெள்ளையாக, மீ சுவா சேமியா மாதிரி, விரல் நீளத்துக்குப் புழுக்கள் நெளியும். நாங்கள் கத்துவோம். அம்மா அலட்டிக்கொள்ள மாட்டார். உப்பும் சாம்பலும் போட்டு அலசி ஊற்றிவிடுவார்.

அம்மா அலட்டிக்கொள்ளாதது சரிதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த உருண்டைப் புழுவுக்கு அஸ்காரிடியா கல்லி என்று பெயர். கோழியின் சிறுகுடல்தான் அதன் ஊர், மனிதக் குடலில் அது குடித்தனம் நடத்தாது. எப்போதாவது ஒரு புழு, கோழியின் கழிவு வாயிலிருந்து முட்டைப் பாதைக்குள் ஏறி, ஓடு மூடுவதற்குமுன் முட்டைக்குள் மாட்டிக்கொள்வதும் உண்டு. மிக அபூர்வம். பண்ணையில் முட்டையை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கும்போதே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அப்படி ஒன்று தப்பி நம் கிண்ணத்தில் விழுந்தால் அருவருப்புதான், நோய் இல்லை.

கோழி வளர்த்தவர்களுக்கு ரத்தக் கழிச்சலும் தெரியும். குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குந்தியிருக்கும், எச்சத்தில் ரத்தம் வரும், இரண்டு மூன்று நாளில் வரிசையாகச் சாகும். ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி செய்கிற வேலை அது. கோழியைத் தாக்குவதில் மட்டும் ஏழு வகை உண்டு. உலகம் முழுக்கப் பண்ணைக்காரர்களுக்குப் பெரிய நஷ்டம் கொடுப்பதும் இதுதான். ஆனால் கோழியின் ஐமீரியா மனிதரைத் தொற்றாது. அதற்காகத் தீவனத்தில் கலக்கும் மருந்து இறைச்சியில் மிஞ்சியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் உங்கள் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

கோழிச் செள்ளும் அப்படித்தான். அடுக்குமாடி புளோக்கில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஏர்கான் பெட்டிக்குப் பின்னால் மைனாவோ புறாவோ கூடு கட்டி, குஞ்சு பறந்துபோனதும், அந்தச் செள் பசியோடு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து கடிக்கும். தோலில் சிவந்து அரிக்கும். இரண்டு வீடுகளில் பச்சைப் பிள்ளைக்கு இப்படி ஆகிப் பார்த்திருக்கிறேன். கூட்டை எடுத்துச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. மனித உடம்பில் அது தங்கிப் பெருகாது.

கண்ணுக்குத் தெரிந்து குமட்ட வைக்கிற புழு, ரத்தம், செள் இவையெல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. செய்யக்கூடியது எதுவோ அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

டாக்சோபிளாஸ்மா. இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது 11 வருஷத்துக்குமுன், ஒரு வீட்டில். அங்கே பிறந்த ஆண் பிள்ளைக்குப் பிறக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன், தலைக்குச் சாம்பிராணி போட்டேன். ஆறேழு மாதம் கழித்து அந்தத் தாய் என்னை அழைத்து, பிள்ளையின் கண் ஒரு பக்கமாகப் போவதாகச் சொன்னாள். விழித்திரையில் தழும்பு. வயிற்றில் இருந்தபோதே இந்த ஒட்டுண்ணி தாயிடமிருந்து பிள்ளைக்குப் போயிருக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். எங்கிருந்து அவளுக்கு வந்தது? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இறைச்சியாக இருக்கலாம், கழுவாத கீரையாக இருக்கலாம், மண்ணாக இருக்கலாம். அவள் மட்டும், "நான் என்ன சாப்பிட்டேன் அக்கா, நான் என்ன சாப்பிட்டேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலுக்காகத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். என் மகள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வாள், நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன்.

இந்த ஒட்டுண்ணியை 1908இல் துனிசில் ஓர் எலிவகை விலங்கில் கண்டுபிடித்தார்கள். அதன் சொந்த வீடு பூனையின் குடல்தான் என்று உறுதியாகத் தெரிய 1970 ஆகிவிட்டது. முதல்முறை தொற்றிய பூனை ஒன்றிரண்டு வாரம் மலத்தில் லட்சக்கணக்கில் அதன் முட்டைக்கூடுகளை வெளியேற்றும். வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளில் அவை தொற்றும் நிலைக்கு வரும். ஈரமான மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

கோழி எங்கே வருகிறது என்றால், ஜொகூரில் கூலாயில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டுக் கொல்லைக்குப் போனால் போதும். பப்பாளி மரத்தடியில் மணல் குவியல். காலையில் பூனை அங்கே குழி பறித்து, வேலையை முடித்து, மூடிவிட்டுப் போகும். அது போன கொஞ்ச நேரத்தில் பெட்டைக்கோழி குஞ்சுகளோடு வந்து அதே மணலைக் கால்களால் சீய்க்கும். கொத்தும், விழுங்கும், மறுபடி சீய்க்கும். மண்ணில் இந்த ஒட்டுண்ணி இருக்கிறதா என்று அறிய விஞ்ஞானிகளே வெளியில் திரியும் கோழிகளின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். அவ்வளவு நம்பகமான சாட்சி கோழி. அதற்கு ஒரு நோயும் வெளியில் தெரியாது. நன்றாக இரை எடுக்கும், முட்டை போடும், கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே இதயத்திலும் மூளையிலும் சதையிலும் சின்னச் சின்னக் கூடுகளாக ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும். பெரிய கூடே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

அதனால் இதில் உங்கள் பணியில் குறை என்று நான் சொல்ல வரவில்லை. அறுப்புக்கூடத்தில் எவ்வளவு கெட்டிக்காரப் பரிசோதகர் நின்றாலும் இந்தக் கூடு அவர் கண்ணில் படாது. எல்லையில் தடுக்க முடியாதது இது. கடைசியாக நிறுத்தக்கூடிய இடம் அடுப்புதான்.

உலகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடம்பில் இது இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, அல்லது நாலு நாள் சளிக்காய்ச்சல் மாதிரி வந்து, கழுத்தில் நெறி கட்டிப் போய்விடும். கஷ்டம் இரண்டு பேருக்கு. கர்ப்பமாக இருக்கும்போது முதல்முறையாகத் தொற்றிக்கொள்ளும் பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்கு. உறுப்பு மாற்று, புற்றுநோய் மருந்து, எச்ஐவி போன்ற காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு. தொடக்க மாதங்களில் தொற்றினால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, ஆனால் போய்விட்டால் பாதிப்பு கடுமை: கரு கலையலாம், தலையில் நீர் கோத்துக்கொள்ளலாம். கடைசி மாதங்களில் போகும் வாய்ப்பு அதிகம். பிள்ளை நன்றாகவே பிறந்ததுபோல் இருக்கும், கண் பிறகுதான் காட்டிக்கொடுக்கும். நான் குளிப்பாட்டிய பிள்ளைக்கு அப்படித்தான் ஆனது.

இப்போது எங்கள் வழக்கத்தைப் பாருங்கள். யாருக்கு நாட்டுக்கோழியைத் தேடித் தேடி வாங்கிக் கொடுக்கிறோம்? கர்ப்பிணிக்கும், சீக்காளிக்கும்தான். நாட்டுக்கோழி எங்களுக்கு மருந்து. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சந்தை எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டில் நம் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்தது. இரண்டு வாரத்தில் கம்பத்துக் கோழிக்கும் கறுப்புக் கோழிக்கும் மட்டும் வழி திறந்தார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்த வீடுகளில், "பிரேசில் உறைந்த கோழியைக் கர்ப்பிணிக்கு எப்படிக் கொடுப்பது, நாட்டுக்கோழி வந்துவிட்டது, அப்பாடா" என்றுதான் பேச்சு.

இந்த ஒட்டுண்ணியைப் பொறுத்தமட்டில் கதை நேர்மாறானது. மூடிய கொட்டகையில், மண்ணும் பூனையும் படாமல் ஆறு வாரம்போல் வளரும் பண்ணைக் கோழிக்கு இது தொற்றும் வாய்ப்பு குறைவு. வெளியில் திரிந்து, அதைவிடப் பல வாரம் கூடுதலாக வாழ்ந்து, மண்ணைக் கிளறிய கோழிக்குத்தான் வாய்ப்பு அதிகம். அதோடு, இறைச்சியின் உள்பக்கம்வரை கழித்தல் 12 டிகிரிக்குக் கீழே உறைந்து சில நாள் இருந்தால் இந்தக் கூடுகள் பெரும்பாலும் செத்துவிடும். நாம் ஏளனமாகப் பார்க்கும் உறைந்த கோழி இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டுக்கோழியைவிடப் பாதுகாப்பானது. சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிர்கள் உறைவதால் சாகாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நாட்டுக்கோழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே வாரம் இரண்டு சமைக்கிறேன். நன்றாக வெந்தால் போதும்.

'நன்றாக வெந்தால்' என்பதில்தான் சிக்கல். எல்லாரும் நன்றாகத்தான் வேக வைக்கிறோம் என்று நினைக்கிறோம். நானும் நினைத்தேன். நாலு வருஷத்துக்குமுன் என் மகள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். விலை 15 வெள்ளிதான். மறுநாள் ஒரு முழு நாட்டுக்கோழியைச் சாறுக்காகப் போட்டிருந்தேன். சட்டியில் தளதளவென்று கொதி, மேலே மிளகு மிதக்கிறது, வாசனை கூடம்வரை போய்விட்டது. வழக்கமாக அடுப்பை அணைக்கிற நேரம். தொடை உடம்போடு சேருகிற மூட்டில் ஊசியைச் செருகினேன். 61 என்று காட்டியது. பிய்த்துப் பார்த்தால் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு. கோழிக்கு உள்பக்கம் 74 டிகிரி வர வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. இந்த ஒட்டுண்ணியின் கூடுகள் 67 டிகிரியில் செத்துவிடும், மற்ற கிருமிகளுக்கும் சேர்த்துத்தான் 74. அன்று இன்னும் கால் மணி நேரம் கொதித்த பிறகுதான் ஊசி 80ஐத் தாண்டியது. அதற்குமுன் 18 வருஷம் நான் எத்தனை சட்டிகளைச் சீக்கிரம் இறக்கினேனோ என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம், உப்புப் பார்ப்பது. எங்கள் சமையலறையில் இது ஒரு சடங்கு மாதிரி. கறி கொதிக்க ஆரம்பித்ததும், இறைச்சி பாதிகூட வேகாதபோது, கரண்டியில் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது. "நீ பார்த்துச் சொல்லு" என்று பக்கத்தில் நிற்கும் கர்ப்பிணியிடம் நீட்டுவதையும் பார்க்கிறேன், வாய் ருசி தெரியும் என்று. வெந்த பிறகு பார்த்தாலும் உப்பு அதே உப்புதான்.

கோழியை மஞ்சள் போட்டுக் கழுவுவதும் அப்படியே. மஞ்சள் வாடையைப் போக்கும், ஒட்டுண்ணியைக் கொல்லாது. குழாயைத் திறந்துவிட்டுத் தேய்க்கும்போது தெறிக்கும் தண்ணீர், பக்கத்தில் கவிழ்த்து வைத்த பால் புட்டிவரை போகிறது. ஒரு வீட்டில் கறுப்பு நிறச் சமையல் மேடை. கழுவி முடித்ததும் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தோம். கைநீட்டத் தூரத்துக்கு மஞ்சள் புள்ளிகள்! அந்த வீட்டுப் பாட்டி அன்றிலிருந்து கோழியைக் கழுவுவதில்லை. நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தால்கூட அது நடந்திருக்காது. அந்தப் புள்ளிகள் நடத்திக் காட்டின.

பெரியவளான பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது பற்றியும் என்னிடம் கேட்பார்கள். முட்டையில் ஒட்டுண்ணி பெரிய கவலை இல்லை. சால்மோனெல்லாதான் கவலை. உளுந்தங்களி கொடுங்கள், முட்டையை அவித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பூனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 செப்டம்பர் முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க முறைப்படி அனுமதி வந்திருக்கிறது. எனக்கு மகிழ்ச்சிதான். கர்ப்பம் என்று தெரிந்ததும் பூனையைத் துரத்திவிடுகிற குடும்பங்களைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே இருந்து, சமைத்த உணவோ கடைத் தீவனமோ சாப்பிடும் பூனையால் ஆபத்து மிகக் குறைவு. மலத்தட்டை வீட்டில் வேறு யாராவது நாள்தோறும் சுத்தம் செய்தால் போதும். நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. கோழி நறுக்கிய பிறகு மிஞ்சும் பச்சை ஈரல், இதயம், தோல் இவற்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் புளோக்கின் கீழ்த்தளத்துப் பூனைகளுக்கு வைக்கும் நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர். அந்தப் பச்சை இறைச்சி வழியாகவும் பூனைக்குத் தொற்று போகலாம். பூனையிலிருந்து மண்ணுக்கு. அந்த மண் சில சமயம் புளோக்குப் பக்கத்துச் சமூகத் தோட்டத்துக் கீரைப் பாத்தி. அந்தத் துண்டுகளை ஐந்து நிமிஷம் வேக வைத்துக் கொடுத்தால் பூனைக்கும் நல்லது, கீரைக்கும் நல்லது. இதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால் கேட்கக்கூடியவர்கள்.

உங்களால் இதைச் செய்ய முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், டெங்கிக்குச் செய்தீர்கள். அது வேறு துறை என்று தெரியும், ஆனாலும் எங்களுக்கு எல்லாம் அரசாங்கம்தான். இன்றைக்கு எந்த லிஃப்ட் வாசலில் நிற்கிற பாட்டியைக் கேட்டாலும் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று சொல்வார். 2015இல் பச்சை ஆற்றுமீனால் பலருக்கு நோய் வந்தபோது, அதைப் பச்சையாக விற்பதையே நிறுத்தினார்கள். கஞ்சிக் கடையில் பச்சை மீன் தட்டு காணாமல் போனது, ஏன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மக்கள் கேட்க மாட்டார்கள் என்பதை நான் நம்புவதில்லை.

எனக்கு வேண்டியது பெரிய திட்டம் இல்லை. ஒரு பக்கத் தாள், தமிழில். 'கோழி இறைச்சியை நன்கு சமைக்கவும்' என்ற பொதுவான வரி வேண்டாம். அதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தான் நன்கு சமைப்பதாகத்தான் நினைப்பார். எங்கள் சட்டியைப் பார்த்து எழுதிய தாள் வேண்டும். ஈரலின் நடுவில் சிவப்பு போகும்வரை என்று எழுதுங்கள். தொடை மூட்டில் இளஞ்சிவப்பு இருந்தால் இன்னும் கால் மணி நேரம் என்று எழுதுங்கள். முட்டையில் தெரியும் வெள்ளை நூல் புழு அல்ல என்று படத்தோடு போடுங்கள், வதந்தியில் பாதி அடங்கும். உப்பைக் கடைசியில் பாருங்கள் என்று எழுதுங்கள். கர்ப்பிணி என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அந்தத் தாள் மருந்தகத்தில் கர்ப்பிணியின் கையில் மட்டும் போனால் போதாது. அடுப்படியில் நிற்பது அவள் இல்லை. அவளுடைய அம்மா, மாமியார், ஊரிலிருந்து மூன்று மாத அனுமதியில் வந்திருக்கும் பெரியம்மா, பணிப்பெண் இவர்கள்தான் சமைப்பவர்கள். அவர்கள் இருக்கும் இடம் தேக்கா சந்தை, கோயில் அன்னதானக் கூடம், ஒலி 96.8 வானொலி, வசந்தம் ஒளிவழி, பிறகு அந்தக் குடும்பக் குழுக்கள். வதந்தி எந்த வழியாகப் போனதோ அதே வழியாக உங்கள் குரல் பதிவும் போகட்டும். இரண்டு நிமிஷம், நல்ல தமிழில், ஒரு பாட்டி பேசுகிற மாதிரி. கோழிக்கடைக்காரர்களிடமும் கொடுங்கள். நாட்டுக்கோழி கேட்டு வருகிற பெண்ணிடம், "யாருக்கம்மா, கர்ப்பிணிக்கா? ஈரலை நல்லா வேக விடுங்க" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் மதிப்பு எந்தச் சுவரொட்டிக்கும் கிடையாது. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் ஞாயிற்றுக்கிழமை கூட்டாகக் கோழி வாங்கிச் சமைக்கும் தம்பிகளையும் மறக்க வேண்டாம். அடுப்புக்கு வரிசை நிற்கும்போது கறியைப் பாதி வேக்காட்டில் இறக்கிவிடுகிறார்கள் என்று என் அண்ணன் மகனே சொல்லியிருக்கிறான்.

தாளில் எழுதுவதைச் சரிபார்க்க, எந்தச் சொல் வீட்டில் புழங்கும், எது புழங்காது என்று சொல்ல, நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். என்னைப் போலப் பத்தியச் சமையல் செய்யும் இன்னும் ஆறேழு பெண்களை எனக்குத் தெரியும், அவர்களும் வருவார்கள்.

செங்காங் பெண்ணுக்கு ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. பரிசோதனையில் தொற்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய மாமியார் இப்போது ஈரலை நடுவில் கத்தியால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறார். அடுத்த மாதம் பொங்கோலில் ஒரு வீட்டுக்குப் போகிறேன். தலைப்பிரசவம், கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். நாட்டுக்கோழிக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டாராம். வெப்பமானியை எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் தாள் அதற்குள் வந்துவிட்டால், அவர்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் நானே ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
பத்தியச் சமையல் செய்யும் ஓர் அக்கா
ஈசூன்